வாசகர் கேள்விகள்: கடற்கரை ஒலிபெருக்கியும் ரேடியோ நெல்லும்

கேள்வி: இந்தியாவில் வானொலி 1927ஆம் ஆண்டு பம்பாயில்தான் தொடங்கியது என்று படித்தேன். சென்னையில் அதற்கு முன்பே ஒலிபரப்பு நடந்தது என்கிறார் என் தாத்தா. எது சரி?
(கல்லூரி மாணவி, மயிலாப்பூர்)

பதில்: தாத்தா சொல்வது சரிதான். பம்பாயில் 1927 ஜூலை 23 அன்று தொடங்கியது இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 1924 மே 16 அன்று, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை அமைத்தார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று கழகம் ஒலிபரப்பத் தொடங்கியது. முதலில் அவர்களிடம் இருந்தது வெறும் 40 வாட் ஒலிபரப்பி. ஒரு சிறிய குண்டு பல்பு எரியத் தேவையான சக்தி அவ்வளவுதான். பணமுடையால் 1927 அக்டோபரில் ஒலிபரப்பை நிறுத்திய கழகம், தன் கருவியைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் நாள்தோறும் மாலையில் ஒலிபரப்பியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டதால், வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் காற்று வாங்கியபடியே கச்சேரி கேட்க முடிந்தது. குடிநீரையும் தெருவிளக்கையும் போலவே இசையையும் ஊருக்குப் பொதுவாக வழங்கிய அந்த எட்டு ஆண்டுகள் சென்னையின் வரலாற்றில் இன்னும் பெரிதாகப் பேசப்பட வேண்டியவை என்பது என் உறுதியான எண்ணம். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒரு பழைய நெல் ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்கிறார்கள். ஏன் அந்தப் பெயர்?
(விவசாயி, மன்னார்குடி)

பதில்: அது ஆடுதுறை 27. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலப்பினம் செய்து உருவாக்கி, 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட குறுகிய கால நெல். குறுவைக்கு ஏற்ற ரகம் என்றாலும், விதையைப் பற்றிய செய்தி வயலுக்கு வந்து சேர வேண்டுமே. அந்த வேலையைச் செய்தது 1939 மே 16 முதல் இயங்கிவரும் திருச்சி வானொலி நிலையம். 1966இல் வேளாண் ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவுகள் தொடங்கப்பட்ட நிலையங்களுள் திருச்சியும் ஒன்று.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பூட்டு போட்ட மரப்பெட்டிக்குள் ரேடியோ இருக்கும். வாசல் வேப்பமரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டியிருப்பார்கள். மாலையில் சாவியோடு தலையாரி வந்ததும், தோளில் மண்வெட்டியுடன் கரையேறியவர்கள் அப்படியே நின்று கேட்பார்கள். நாற்றங்காலுக்கு எவ்வளவு விதை, மேலுரம் எப்போது, குருத்துப்பூச்சிக்கு என்ன மருந்து என்று நிலையம் சொன்னதைத் திண்ணையில் மறுபடி பேசிச் சரிபார்த்துக்கொள்வார்கள். மேட்டூர்த் தண்ணீரை நம்பிச் சாகுபடி செய்யும் டெல்டாவுக்குக் கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனத்தின் யோசனை உதவாது. திருச்சி நிலையம் டெல்டாவின் பருவத்தையும் மண்ணையும் அறிந்து பேசியதால்தான் உழவர்கள் நம்பினார்கள். நெல்லுக்கே வானொலியின் பெயரைச் சூட்டினார்கள். ஓர் ஒலிபரப்பு நிலையத்துக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சென்னைத் தொலைக்காட்சி இருந்தும், 1980களில் தென்மாவட்டத்தார் இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தது ஏன்?
(ஆசிரியை, தூத்துக்குடி)

பதில்: சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டாலும், தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், அதன் கோபுரத்துக்கு எட்டிய சுற்றுவட்டாரத்தோடு படம் நின்றுவிட்டது. 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாகினியோ, 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலை உச்சியிலிருந்து ஒளிபரப்பியது. இடையில் மறைக்க மலையில்லாத கடல் கிடந்ததால், மொட்டைமாடியில் உயரமான குழாய் நட்டு ஆன்டெனா கட்டியவர்களுக்கு அது கிடைத்தது. காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டால், ஒருவர் மேலே நின்று திருப்ப, கீழேயிருப்பவர்கள் ‘இன்னும் கொஞ்சம்’ என்று குரல் கொடுப்பது உங்கள் தெருவிலும் நடந்திருக்கும். பின்னர் கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பி வந்த பிறகே சென்னையின் நிகழ்ச்சிகள் தெற்கே தெளிவாகத் தெரிந்தன.