வீடு கட்டினால் கட்டுமானத் தொழிலாளிக்குத்தானே வேலை, பிறகு ஏன் அவர்களே எதிர்க்கிறார்கள்?

கேள்வி: கலிபோர்னியாவில் எங்கள் நகரில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் திட்டம் வருகிறது. 'உள்ளூர்த் தொழிலாளர், கட்டுப்படியாகும் வாடகை' என்று சொல்லிக் கட்டுமான யூனியன்காரர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் வந்து எதிர்க்கிறார்கள். புரியவில்லை, விளக்க முடியுமா?

எனக்கும் முதலில் புரியவில்லை. எங்கள் தெருவுக்கு எதிரே பாழடைந்து கிடந்த கடை வளாகத்தை இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டுவதாக நோட்டீஸ் வந்தபோது, பார்க்கிங் நெரிசலைப் பற்றிக் கேட்கத்தான் கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். சுயநலம்தான். போனால், அரங்கில் பாதிப் பேர் ஆரஞ்சு பனியனில் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு முன்னால் பேச நின்றவர் ஒரு தச்சர். கையில் திட்ட அறிக்கையின் ஒரு பக்கம். 'உள்ளூர்த் தொழிலாளர்களை அமர்த்த முயற்சி மேற்கொள்ளப்படும்' என்ற வரியில் 'முயற்சி'யை மட்டும் பேனாவால் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டு, தாளே கிழிகிற நிலையில் இருந்தது. தினமும் விடியுமுன் கிளம்பி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து இந்த ஊரில் வீடு கட்டுகிறேன், இங்கே குடியிருக்க எனக்கு வழியில்லை என்றார். அதற்குள் இரண்டு நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் சொன்னதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது கூலி. தனியார் பணத்தில் தனியார் நிலத்தில் கட்டும் வீட்டுக்குப் பொதுவாக அரசு நிர்ணயித்த கட்டுமானக் கூலி கட்டாயமில்லை. குறைந்த விலை கேட்கும் துணை ஒப்பந்ததாரர் தூரத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்து வேலையை முடித்துவிட்டுப் போகலாம். உள்ளூர்ப் பையன் அப்ரண்டிஸாகச் சேர்ந்து தொழில் கற்க அங்கே இடமிருக்காது. 2022-இல் வந்த ஏபி 2011 என்ற மாநிலச் சட்டம் (2011 மசோதா எண், வருடமல்ல) ஒரு பேரம் பேசியது: வணிக நிலத்தில் வீடு கட்ட விரைவான அனுமதி தருகிறோம், பதிலுக்கு நிர்ணயக் கூலி கொடு; 50 வீடோ அதற்கு மேலோ என்றால் அப்ரண்டிஸ் பயிற்சி, மருத்துவக் காப்பீட்டுப் பங்கு என்று கூடுதல் நிபந்தனைகள். தச்சர் யூனியன் இதை ஆதரித்தது. மற்றக் கட்டுமானத் தொழில் யூனியன்களின் மாநிலக் கூட்டமைப்பு, இது போதாது, பயிற்சி முடித்த ஆட்களே வேண்டும் என்று எதிர்த்தது. ஆகவே 'யூனியன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

இரண்டாவது, 'கட்டுப்படியாகும்' என்ற சொல். யாருக்குக் கட்டுப்படியாகும்? இதற்கு மத்திய வீட்டுவசதித் துறை வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தை (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலே, பாதி கீழே) வைத்துக் கணக்குப் போடுகிறது. தோராயமாக அதில் 80 சதவீதம் வரை குறைந்த வருமானம், 50 வரை மிகக் குறைந்த வருமானம், 30 வரை அதிலும் கீழே. 2018-இல் சான்பிரான்சிஸ்கோவில் நால்வர் குடும்பத்துக்கு 'குறைந்த வருமான' வரம்பு 1,17,400 டாலர்! 80 சதவீதக்காரருக்கு ஒதுக்கும் வீடும் 30 சதவீதக்காரருக்கு ஒதுக்கும் வீடும் விளம்பரத்தில் ஒரே பெயரில் வரும். தச்சரின் சிக்கல் வேறு மாதிரி. ஓவர்டைம் பார்த்த வருடத்தில் கீழ்த்தட்டு வீட்டுக்கு அவர் சம்பளம் அதிகம். சந்தை வாடகைக்கோ எந்த வருடமும் போதாது.

யூனியன்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. 1970-இன் மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்தில் வழக்குப் போட்டு, தொழிலாளர் ஒப்பந்தம் கையெழுத்தானதும் வாபஸ் வாங்குகிறார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. 2025 ஜூன் கடைசியில் நகருக்குள் கட்டும் பெரும்பாலான வீட்டுத் திட்டங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு வந்துவிட்டதால், அந்தப் பிடி இப்போது தளர்ந்திருக்கிறது.

நல்ல நோக்கமும் சறுக்கும். 2016 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் வாக்களித்து ஜேஜேஜே என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். நில வகைப்பாட்டை மாற்றக் கேட்கும் பெரிய திட்டங்கள் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும். வேலை நேரத்தில் 30 சதவீதம் நகரவாசிகளுக்குத் தர வேண்டும். ஆனால் அதே விதியிலிருந்து பிறந்த இன்னொரு சலுகை, ரயில், பஸ் நிலையங்களுக்குப் பக்கத்தில் கட்டுபவர்களுக்கானது, தொழிலாளர் நிபந்தனை இல்லாமல் கிடைத்தது. பில்டர்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், கோரிக்கையைவிட அது வரும் நேரம்தான் முக்கியம். கூலியும் வாடகை நிபந்தனையும் நிலம் வாங்குமுன்பே தெரிந்தால், பில்டர் நிலத்துக்கு அவ்வளவு குறைத்துக் கொடுப்பார். பாரம் நிலத்துக்காரர் தலையில் விழும். வாங்கிய பிறகு கடைசிக் கூட்டத்தில் ஏற்றினால், கூலி ஏற வேண்டுமா வாடகை இறங்க வேண்டுமா என்று ஒரே கிண்ணத்துக்குத் தச்சரும் வாடகைதாரரும் அடித்துக்கொள்வார்கள். உங்கள் ஊரில் நடப்பதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, கூட்டத்துக்குப் போவதென்றால் திட்ட அறிக்கையை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். அனுமதி நிபந்தனைகள் கடைசிப் பக்கங்களில் இருக்கும். எத்தனை வீடு, எந்த வருமானத் தட்டு, எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள் (குறைந்த வாடகை வீடு தருவதற்குப் பதிலாக அதே நிலத்தில் கூடுதல் வீடு கட்டும் சலுகை வாங்கும் வாடகைத் திட்டத்துக்கு மாநிலச் சட்டம் கேட்பது 55 வருடம்). உள்ளூர் ஆள் என்றால் நகரமா, மாவட்டமா, எத்தனை சதவீதம், கணக்கை யார் சரிபார்ப்பது என்று கேளுங்கள்.

எங்கள் ஊரில் மூன்றாவது கூட்டத்தில் 'முயற்சி' போய், உள்ளூர் ஆட்கள் இத்தனை சதவீதம் என்ற கணக்கு வந்தது. வாடகை வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. தச்சருக்கு அங்கே வேலை கிடைக்கலாம்; வண்டி ஓட்டும் அந்த இரண்டு மணி நேரம் அப்படியேதான் இருக்கும்.