திருக்கை முள்ளுக்கும் டைபாய்டுக்கும் ஒரே மாத்திரையா?

'செஃப்' என்று பெயர் தொடங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பற்றி சாயல்குடி முதல் தொண்டி வரை உள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி (பாம்பன்): வலையிலிருந்து மீன் எடுக்கும்போது திருக்கை முள் காலில் ஏறிவிட்டது. கடையில் செஃபாலெக்சின் 500 வாங்கிப் போட்டால் போதுமா, டாக்டர்?

பதில்: போதாது. முதலில் வேண்டியது சுடுதண்ணீர், மாத்திரை பிறகுதான். திருக்கை, கெளிறு, ஓரா மூன்றின் முள் விஷமும் சூட்டில் வலுவிழக்கும். படகு அடுப்பிலேயே தண்ணீர் காய்ச்சி, சுமார் 45 டிகிரி சூட்டில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை முக்கி வையுங்கள். சூட்டை நல்ல கையால் பாருங்கள். குத்துப்பட்ட கால் மரத்திருக்கும், அதை நம்பினால் தோல் வெந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, இறுக்கிக் கட்டாமல், கரையேறியதும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே முள் துண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டிடி ஊசியும் தேவைப்படலாம். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் நீங்களே பிடுங்காதீர்கள்.

செஃபாலெக்சின் நம் தோலில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளுக்கு நல்ல மருந்து. கடல்தண்ணீரில் வாழும் விப்ரியோவுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. விப்ரியோ என்று சந்தேகம் வந்தால் டாக்சிசைக்ளின் என்ற வேறு வகை ஆன்டிபயாடிக்கோடு செஃப் வகை ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் இந்தக் கிருமி சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். காயத்தைச் சுற்றிச் சிவந்திருந்தால் அந்தச் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, கருநீலக் கொப்புளம் எழுந்தாலோ, காயத்துக்குப் பொருந்தாத கடும் வலியோ காய்ச்சலோ இருந்தாலோ, ராத்திரியானாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி (மண்டபம்): பாசி எடுக்கப் போனபோது பாறை கிழித்துக் கால் சீழ் பிடித்திருக்கிறது. மகனுக்கு வாங்கிய செஃபிக்சிம் நாலு மீதி இருக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் செஃபாலெக்சினும் செஃபிக்சிமும் செய்யும் வேலை வேறு. தோல் சீழுக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டெஃபைலோகாக்கஸிடம் செஃபிக்சிம் பலிக்காது. சீழ் கட்டியிருந்தால் அதைக் கீறி எடுப்பதுதான் பாதி வைத்தியம். இன்னொன்று: செஃபிக்சிம், செஃப்போடாக்சிம் எல்லாம் 2014 முதல் ஹெச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்து அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அட்டையில் உள்ள சிவப்புக் கோடு அதைத்தான் சொல்கிறது.

கேள்வி (சாயல்குடி): குழந்தைக்கு டிரை சிரப் (தண்ணீர் ஊற்றிக் கலக்கும் பொடி மருந்து) கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வீட்டில் ஃப்ரிட்ஜும் இல்லை. எப்படிக் கலக்கி, எங்கே வைப்பது?

பதில்: பெட்டிக்குள் தண்ணீர்க் குப்பி இருந்தால் அதையே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் குடிதண்ணீரைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து ஊற்றுங்கள். ஊற்றுமுன் பாட்டிலைத் தட்டி அடியில் கட்டிய பொடியை உதிர்த்துவிடுங்கள். பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிய பிறகு, குறி வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கும், திரும்பக் குறிவரை ஊற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால் மருந்து கெட்டியாகிவிடும், ஒவ்வொரு வேளையும் அளவு கூடும்.

செஃபிக்சிம் சிரப்பை 5 மில்லிக்கு 50 மி.கி., 100 மி.கி. என்று இரண்டு வகையாக விற்கிறார்கள். 10 கிலோ குழந்தைக்கு வழக்கமான செஃபிக்சிம் அளவு ஒரு நாளைக்கு 80 மி.கி.; முதல் வகையில் அது 8 மில்லி, இரண்டாவதில் 4 மில்லிதான். சமையல் கரண்டி வேண்டாம், மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

கலக்கிய பின் செஃபுராக்சிம், செஃபாலெக்சின், செஃப்போடாக்சிம் சிரப்புகளுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். ஈரமணலில் வைத்த மண்பானை அவ்வளவு குளிராது. 'ஃப்ரிட்ஜ் இல்லை' என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் வேறு மருந்து எழுதித் தருவார். லேபிளில் போட்ட நாள் முடிந்ததும் மிச்சத்தை வைத்திருக்காதீர்கள்.

கேள்வி (கீழக்கரை): ரமலான் நோன்பில் ஆறு மணி நேரத்துக்கொருமுறை செஃபாலெக்சின் மாத்திரை எப்படிப் போடுவது?

பதில்: செஃபாலெக்சின் சீக்கிரமே ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். பதின்மூன்று பதினான்கு மணி நேரம் விட்டால் கிருமிக்கு இடைவேளை கிடைத்துவிடும். இரவில் இரண்டு மூன்றைச் சேர்த்து விழுங்குவதும் ஈடாகாது. தினம் ஒன்று அல்லது இரண்டு வேளை மருந்து உங்கள் நோய்க்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். செஃபுராக்சிமும் செஃப்போடாக்சிமும் சாப்பாட்டோடுதான் நன்றாகச் சேரும், நோன்புக் கஞ்சியோடும் சஹரிலும் (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டில்) போடலாம். அல்சருக்கான ரானிடிடின் வகை மாத்திரையோ ஆன்டாசிடோ செஃப்போடாக்சிம் சேருவதைக் குறைக்கும் என்பதால் அதையும் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் கடுமையானால் நோன்பை விட்டுப் பிறகு களா (விட்ட நோன்பைப் பின்னால் வைப்பது) நிறைவேற்ற மார்க்கத்திலேயே வழியிருக்கிறதே!

கேள்வி (தேவிபட்டினம்): டைபாய்டு என்று செஃபிக்சிம் ஆரம்பித்து இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மாற்றலாமா?

பதில்: டைபாய்டில் நாலைந்து நாள் ஆகும். நீங்களே மாற்றாதீர்கள், காய்ச்சல் நின்றதும் நிறுத்தவும் வேண்டாம். வயிற்றில் கடும் வலி, கருப்பு மலம், மயக்கம் என்றால் உடனே அட்மிட் ஆக வேண்டும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது ஒருவகைச் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு எந்த செஃப் மாத்திரையும் வேலை செய்யாது, டாக்சிசைக்ளின்தான்.

கேள்வி (தொண்டி): அப்பாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. செஃப் மாத்திரை ஒத்துக்கொள்ளுமா?

பதில்: பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் பென்சிலின் வகையான அமாக்சிசிலினில் உடம்பு தடித்தவர்களுக்கு, வேதி அமைப்பில் ஒரு பகுதி (பக்கச் சங்கிலி) அதை ஒத்திருக்கும் செஃபாலெக்சினைத் தவிர்ப்பார்கள். மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா, வெறும் அரிப்பா என்பதை டாக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் சோதனையை முன்கூட்டியே செய்ய வேண்டும். மருந்து முடிந்து இரண்டு மாதத்துக்குள் தண்ணீராக வயிறு போனாலும் இந்த மாத்திரையைப் போட்டதைச் சொல்லுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டு அடக்கக் கூடாது.