மூன்றாவது மாடியும் வெளியே ஒரு குளியலறையும்

அக்கா, வணக்கம்.

அக்டோபர் 29 முதல் நவம்பர் 1 வரை இத்தாலியில் ஓர்வியேத்தோ ஊரில் மூன்று இரவு தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். நான், கணவர், அம்மா. அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு, முட்டைகூடத் தொடாத சைவம். பாரிஸில் இறங்கி, நான்கு நாள் இருந்துவிட்டு ரோம் வழியாக வருகிறோம். மலைமேல் பழைய ஊருக்குள் இரண்டு நட்சத்திர ஓட்டல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. மூவருக்கும் ஒரே அறை. 'மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, பான்யோ பிரிவாத்தோ எஸ்தெர்னோ' என்று போட்டிருக்கிறார்கள். கீழே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அதைவிடக் குறைந்த வாடகையில், லிஃப்டோடு இன்னொன்று இருக்கிறது. எதை எடுப்பது? கார் எடுத்தால் சுலபமா? சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

மேலேயே தங்குங்கள். ஆனால் அந்த அறை வேண்டாம்.

முதலில் ஏன் மேலே என்று சொல்லிவிடுகிறேன். ஓர்வியேத்தோ சரிவில் படர்ந்த ஊர் இல்லை. எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லாகிப்போன பாறை ஒன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான சுவர். ரயில் நிலையம் அடிவாரத்தில். இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஃபூனிகொலாரே, நம் பழனி விஞ்ச் மாதிரியேதான். 580 மீட்டர் தண்டவாளம், 157 மீட்டர் ஏற்றம். 1888-இல் தொடங்கியபோது மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அந்த எடையில் அது இறங்க, மற்றது ஏறுமாம். 1990-இலிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது. உங்களுக்கு முக்கியமான விஷயம் வேறு: இரவு எட்டரை மணி வாக்கில் அது நின்றுவிடும். அங்கே உணவகங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கதவைத் திறப்பதே ஏழரைக்கு. கீழே தங்கினால் ஒன்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓட வேண்டும், இல்லை குளிரில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினால் மூன்று பேருக்குப் பன்னிரண்டு டிக்கெட். வாடகையில் மிச்சம் பிடித்தது அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும்.

இன்னொன்று. அங்கே பேராலயத்தின் முகப்பு மேற்கு பார்த்தது. 1290-இல் கட்டத் தொடங்கியது. அதன் தங்கப் பின்னணி மொசைக்குகள் சாயங்கால வெயில் படும்போதுதான் உயிர் பெறும். நீங்கள் போகும் நாட்களில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். ரோமிலிருந்தும் ஃப்ளோரன்ஸிலிருந்தும் ஒருநாள் பயணமாக வந்த கூட்டம் ரயிலைப் பிடிக்க இறங்கும் நேரமும் அதுதான். அதற்குப் பிறகு ஊர் ஊர்க்காரர்களுடையது. அந்த நேரத்தில் நீங்களும் அடிவாரத்துக்கு இறங்குவதென்றால் மூன்று இரவு எதற்கு? ரோமிலிருந்தே ஒருநாள் வந்து போகலாமே.

இனி அந்த அறை. இத்தாலியில் தரைத்தளம் கணக்கில் சேராது. அதற்குப் 'பியானோ தெர்ரா' என்று பெயர். அதற்கு மேல்தான் முதல் மாடி. பழைய கட்டடங்களில் ஒவ்வொரு தளமும் நான்கு மீட்டர் உயரம்கூட இருக்கும். மாடிக்கு 22 படி என்றாலும் மூன்றாவது மாடிக்கு 66 படி. இதில் வரவேற்பு மேசையே முதல் மாடியில் இருக்கும் ஓட்டல்கள் உண்டு. சில இடங்களில் நடுவே பாதித் தளம் ஒன்றும் வரும், அதற்கு எண்ணே கிடையாது. லிஃப்ட் வைக்காததற்குக் கஞ்சத்தனம் காரணமில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் சுவரை இடிக்கத் தொல்பொருள் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது. ஏ.சி.யின் வெளிப்பெட்டியைத் தெருப்பக்கச் சுவரில் மாட்ட முடியாததற்கும் அதே காரணம்தான்.

அடுத்தது குளியலறை. 'பான்யோ பிரிவாத்தோ எஸ்தெர்னோ' என்பதைப் பலர் 'தனிக் குளியலறை' என்று மட்டும் படித்துவிட்டு ஏமாறுவார்கள். உங்களுக்கு மட்டுமேயானது, ஆனால் அறைக்கு வெளியே, நடைபாதையில் சாவி போட்டுத் திறக்க வேண்டியது என்று அர்த்தம். பலரோடு பகிர்வதென்றால் 'இன் கொமூனே' என்று இருக்கும். அறைக்குள்ளேயே வேண்டுமென்றால் 'இன் காமெரா' என்ற சொல்லைத் தேடுங்கள். ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கும் வயதில் ஒருவர் கூட வரும்போது, இந்த ஒரு சொல் நட்சத்திரங்களைவிடப் பெரிது. நட்சத்திரம் என்பது அங்கே வசதிகளின் கணக்கு மட்டும்தான். நல்ல முதல் மாடி அறையுள்ள ஒற்றை நட்சத்திரம், நான்கு தளம் ஏற வேண்டிய மூன்று நட்சத்திரத்தைவிட உங்களுக்கு மேல்.

மூவருக்கு ஒரே அறை என்றால் பெரும்பாலும் ஒரு இரட்டைக் கட்டில், மூன்றாவதாக மடக்குக் கட்டில் அல்லது சோஃபா. நிஜக் கட்டிலா என்று கேளுங்கள். மடக்குக் கட்டில் அம்மாவின் முதுகுக்கு ஆகாது.

சுடுதண்ணீர் விஷயத்தில்தான் சின்ன ஓட்டல்களில் மனத்தாங்கல் வரும். அறைக்கென்று தனியாக 80 லிட்டர் மின்சாரத் தொட்டி வைத்திருந்தால், 60 டிகிரித் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கலக்கும்போது ஏறத்தாழ 140 லிட்டர் கிடைக்கும். ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர் போனால் மொத்தமே கால் மணி நேரம்தான். ஆளுக்கு ஐந்து நிமிடம். தீர்ந்துவிட்டால் மறுபடி முழுதாகச் சூடாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே ஒருவர் ராத்திரியே குளித்துவிடுவது நல்லது. ஷவருக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும், விளக்குக்கு என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள். விழுந்துவிட்டால் உதவிக்கு அழைக்கும் மணி அது. அம்மாவுக்கு மட்டும் காட்டி வையுங்கள்.

அக்டோபர் கடைசியில் குளிருமா என்றால், ராத்திரி நன்றாகவே குளிரும், காலையில் பள்ளத்தாக்கை மூடுபனி நிரப்பும். குடியிருப்புக் கட்டடங்களில் ஹீட்டர் எப்போது போடலாம் என்பதற்கு இத்தாலியில் சட்டமே இருக்கிறது. தட்பவெப்ப மண்டலத்தைப் பொறுத்து சில ஊர்களில் அக்டோபர் 15, சில ஊர்களில் நவம்பர் 1. ஓட்டலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நடக்கும் வாடகை அறைகளில் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. கூடுதல் கம்பளி கேட்டால் தருவார்கள், முன்கூட்டியே கேளுங்கள்.

ஊருக்குள்ளும் எங்கே என்பது முக்கியம். விஞ்ச் கொண்டுபோய் விடும் இடம் பியாத்ஸா காஹென், ஊரின் கிழக்குக் கோடி. அங்கிருந்து பேராலயத்துக்குச் சின்ன பஸ் உண்டு. நடந்தால் கோர்ஸோ காவூர் தெரு வழியாக இதமான ஏற்றத்தில் கால் மணி, இருபது நிமிடம். அந்தத் தெருவை ஒட்டியோ பேராலயத்துக்குப் பக்கத்திலோ எடுங்கள். மேற்குக் கோடியிலுள்ள இடைக்காலக் குடியிருப்புப் பகுதி படத்தில் மிக அழகாக இருக்கும், விலையும் இறங்கும், தெருக்களும் செங்குத்தாக இறங்கும். கற்கள் பதித்த பாதையில் சின்னச் சக்கரப் பெட்டி இடுக்குகளில் மாட்டிக்கொண்டு அச்சு முறியும். மூன்று பேருக்கு மூன்று பெரிய பெட்டி வேண்டாம். தோளில் மாட்டும் பைகள் உத்தமம். ஜன்னல் எந்தப் பக்கம் என்றும் விசாரியுங்கள். கடிகாரக் கோபுரங்கள் உள்ள ஊர், மணி அடித்துக்கொண்டே இருக்கும். முற்றத்துப் பக்க அறை இருட்டாக இருக்கும், ஆனால் தூக்கம் கெடாது.

காரை மறந்துவிடுங்கள். பழைய ஊர்களின் நடுப்பகுதி தடுக்கப்பட்ட போக்குவரத்து மண்டலம், இஸட்.டி.எல். நுழைவில் கேமரா. மின்பலகையில் 'வார்கோ ஆத்திவோ' என்று ஒளிரும். 'ஆத்திவோ' என்றால் வழி திறந்திருக்கிறது என்று எண்ணி நுழைகிறார்கள். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்பதுதான் அதன் பொருள். அபராதம் மாதங்கள் கழித்து ஈரோட்டுக்கு வரும். முகவரி தெரிவித்ததற்காக வாடகைக் கார் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் முன்பே எடுத்திருக்கும். ஓட்டலில் சொல்லி வண்டி எண்ணைப் பதிய வைத்தால் நுழையலாம், ஆனாலும் நிறுத்த இடம் இருக்காது. கடைசியில் அடிவாரத்து நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு லிஃப்டிலும் நகரும் படிக்கட்டிலும் ஏறி வருவீர்கள். ரயிலில் ரோமிலிருந்து வந்தால் ஒன்றே கால், ஒன்றரை மணி நேரம். அதிவேக ரயில்கள் பெரும்பாலும் இங்கே நிற்பதில்லை, பிராந்திய ரயில்தான். காகித டிக்கெட் என்றால் ஏறும்முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்.

ரைஸ் குக்கர்: மின்சாரம் தாங்கும். சின்னது 400 வாட்தான். ஆனால் நம் மூன்று முனைப் பிளக் அங்கே எங்கும் நுழையாது, ஓட்டல் அறையில் சமைக்க அனுமதியும் இல்லை, ஆவிக்குப் புகை மணி அலறும். சமைத்தே ஆக வேண்டுமென்றால் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். வியாழனும் சனியும் காலையில் பியாத்ஸா தெல் போபொலோவில் சந்தை கூடும், காய்கறி அங்கே வாங்கிக்கொள்ளலாம். செல்போன் சார்ஜரின் இரண்டு மெல்லிய முனைகள் இத்தாலியச் சாக்கெட்டில் நேராகவே நுழையும். 'ஐரோப்பா அடாப்டர்' என்று விற்கும் தடித்த உருண்டை முனைகள்தான் பழைய சாக்கெட்டில் நுழையாது. முனை 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு ஓர்வியேத்தோ தோதான ஊர். அந்த வட்டாரத்தின் உம்ப்ரிகெல்லி, முட்டையில்லாமல் மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டும் தடித்த நூல் பாஸ்தா. தக்காளிச் சாறிலோ பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தோ கேளுங்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பன்றிக்கொழுப்பில் தாளித்த குழம்பை இறைச்சி இல்லை என்றே கொண்டுவந்து வைப்பார்கள். 'ஸ்த்ரூத்தோ' என்றால் பன்றிக்கொழுப்பு, 'ப்ரோதோ' என்றால் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீர். சூப்புக்கும் தட்டையான ரொட்டிகளுக்கும் இந்த இரண்டையும் சொல்லி விசாரியுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பது கன்றின் வயிற்றுச் சாறு, எனவே அதுவும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஊர் ரொட்டியில் உப்பே இருக்காது, அது கெட்டுப்போனதில்லை. பருப்புப் பொடியும் ஊறுகாயும் பையில் இருந்தால் அம்மா முகம் சுளிக்காமல் இருப்பார். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்குக் கொஞ்சம் சேர்ந்திருக்கும். உட்காரும் கட்டணம், சண்டை போடாதீர்கள்.

பார்க்கும் இடங்களில் ஒரே எச்சரிக்கை: போத்ஸோ தி சான் பாத்ரீத்ஸியோ. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப்பாண்டவர் ஏழாம் கிளெமெந்த் வெட்டச் சொன்ன கிணறு. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றுக்கொன்று முட்டாமல் ஏறவும் இறங்கவும் இரண்டு தனித்தனிச் சுழல்வழிகள். 248 படி இறங்கி, 248 படி ஏற வேண்டும். நடுவில் திரும்பி வர வழி கிடையாது. அம்மா மேலே, பியாத்ஸா காஹெனில் காத்திருக்கட்டும்.

காகித வேலைகள் அதிகமில்லை. ஓட்டலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். விவரங்களை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு அனுப்புவது அவர்கள் கடமை. நீங்கள் பாரிஸ் வழியாக வருவதால், ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நாட்டிலிருந்து இத்தாலிக்குள் வருவோர் 8 நாட்களுக்குள் வருகையைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பொருந்தும். ஓட்டல் பதிவே அதற்குப் போதும், ஒரு நகல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் வரி ஆளுக்கு, இரவுக்கு என்று தனி. முன்பணத்தில் சேராது, பல இடங்களில் ரொக்கமாகத்தான். கார்டு இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோ. விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகவே வையுங்கள், பணம் திரும்பாத தள்ளுபடி விலைக்கு மயங்காதீர்கள். வீடோ தனி அறையோ எடுத்தால், 2025-இலிருந்து கட்டாயமான, தங்குமிடங்களுக்கான தேசிய அடையாள எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாள், அரசு விடுமுறை. அந்த வாரக் கடைசியில் இத்தாலியர்களே மலையூர்களுக்குக் கிளம்புவார்கள், மலிவு அறைகள்தான் முதலில் தீரும். இன்றைக்கே ஓட்டலுக்கு எழுதி, முதல் மாடியிலோ தரைத்தளத்திலோ அறை உண்டா, வாசலிலிருந்து அறைவரை மொத்தம் எத்தனை படி, குளியலறை உள்ளேயா, இரவு எத்தனை மணிவரை ஆள் இருப்பார் என்று கேளுங்கள். படியின் எண்ணிக்கையைக் கேட்டால் தளத்தைச் சொல்லி மழுப்ப முடியாது. விடுமுறை நாளில் விஞ்ச் காலையில் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும், ரயில்களும் குறையும். கிளம்பும் அன்று முதல் ரயிலை நம்பி ரோமில் விமானம் போடாதீர்கள்.