மூன்று வாரத்தில் கண் அழுத்தம் 26-லிருந்து 19 ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 46. கண்ணாடி மாற்றப் போன கடையில், கண்ணில் காற்றடிக்கும் மெஷினில் பார்த்துவிட்டு வலது கண்ணில் 26, இடது கண்ணில் 24 அழுத்தம் என்றார்கள். மூன்று வாரம் கழித்துக் கண் மருத்துவமனையில் நீல விளக்கு வைத்துப் பார்த்தபோது 19, 18. எதை நம்புவது? பி.பி. நார்மல்தான். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. தினமும் காலையில் சிரசாசனம் செய்கிறேன். கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தை ஒரு வருடமாக விட்டு வந்தேன், பயத்தில் அதையும் நிறுத்திவிட்டேன்.

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கிறது. கருவிழியும் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) ஐரிஸும் (அதன் பின்னால் உள்ள நிற வளையம்) சேரும் கோணத்தில் உள்ள வலை போன்ற திசு வழியாக அது வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. குழாயில் வரும் அளவுக்குத் தொட்டியிலிருந்து வடிந்தால் மட்டம் ஏறாது; வடிகால் அடைத்தால் ஏறும். பெரும்பாலோருக்கு இந்த அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். பி.பி. வேறு, இது வேறு. பி.பி. நார்மலாக இருப்பவருக்கும் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

அரிப்புக்கு என்று கடையில் எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் சிவப்பு போய்விடும், அரிப்பு நின்றுவிடும், அதனால் திரும்பத் திரும்ப அதையே வாங்குகிறோம். அந்த ஸ்டீராய்டு வடிகால் திசுவை மெல்ல அடைக்கும். எல்லோருக்கும் அல்ல, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஓரளவு ஏறும், நூற்றில் நாலைந்து பேருக்கு மிக அதிகமாக ஏறும். வலி இருக்காது, பார்வையும் மங்காது, அதனால் தெரியவே தெரியாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கிவிடும். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாட்டிலைத் தேடி எடுத்து லேபிளைப் படியுங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் மறுபடி தொடாதீர்கள். பாட்டிலை டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை மாதம் விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், முகத்துக்குப் போடும் ஸ்டீராய்டு க்ரீம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

அளந்த விதத்துக்கும் ஒரு பங்கு உண்டு. காற்று மெஷின் கண நேரத்தில் அளந்துவிடும். காற்று வரப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூச்சைப் பிடித்தால் அளவு கூடிவிடும். அதனால்தான் இரண்டு மூன்று முறை அடித்துச் சராசரி பார்க்கிறார்கள். கண்டுபிடித்து அனுப்ப அது போதும், முடிவுகட்டப் போதாது. மருத்துவமனையில் பார்த்தது கோல்ட்மேன் முறை. மரத்துப்போகும் மருந்தும் மஞ்சள் சாயமும் விட்டு, ஒரு சிறு முனையால் கருவிழியை 3 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாக்குவார்கள். பச்சையாகத் தெரியும் இரண்டு அரை வட்டங்களின் உள் விளிம்புகள் தொட்டுக்கொள்ளும்வரை டாக்டர் திருகைத் திருப்புவார். அதற்கு எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்பதே உங்கள் அளவு. இதுவும் கருவிழியின் தடிமனைப் பொறுத்தது. சராசரி 540 மைக்ரான் என்றால், 600 இருப்பவருக்கு அளவு கூடுதலாகவும் 480 இருப்பவருக்குக் குறைவாகவும் காட்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் எனும் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரே நாளிலும் அழுத்தம் மாறும். படுத்திருக்கும்போது கூடும், அதிகாலையில் பலருக்கு உச்சத்தில் இருக்கும். அடுத்த முறை காலையில் போய் அளந்து, நேரத்தையும் குறித்து வாங்குங்கள்.

கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம், கண் வறண்டுபோகுமே தவிர அதனால் கிளாக்கோமா (பார்வை நரம்பு மெல்லக் கெடும் நோய்) வராது. சிரசாசனம் அப்படியல்ல. தலைகீழாக நிற்கும்வரை கண் அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், இறங்கியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். பார்வை நரம்பு நன்றாக இருப்பவருக்கு அதில் பெரிதாகப் பயமில்லை. உங்கள் நரம்பு எப்படி என்று தெரியும்வரை நிறுத்தி வையுங்கள். நடைப்பயிற்சி தாராளமாகச் செய்யலாம், அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும்.

சரி, இனி என்ன செய்வது? எண்ணை மட்டும் வைத்து கிளாக்கோமா என்று சொல்ல முடியாது. 26 இருந்தும் நரம்பு கெடாதவர்கள் உண்டு, 16-லேயே கெட்டவர்களும் உண்டு. 19 வந்துவிட்டதே என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு வருடம் அழுத்தம் ஏறியிருந்தால் நரம்பு அடிபட்டிருக்கலாம். பார்வை நரம்பைப் பரிசோதித்து நரம்பு இழைகளின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேன், பக்கப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட், கருவிழித் தடிமன், கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி எல்லாம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டால் கண்புரையும் வரும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது கிளாக்கோமா இருந்ததா என்று வீட்டில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அரிப்பு மறுபடி வந்தால் கண்ணைக் கசக்காமல், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வையுங்கள். ஸ்டீராய்டு இல்லாத அலர்ஜி சொட்டு மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்.