அந்தரத்தில் திறக்கும் கதவு இருக்கட்டும், மாடிப்படியை அளந்தீர்களா?

கேள்வி: வாங்குவதற்காக மூன்று வீடுகள் பார்த்தோம். மூன்றிலும் ஏதோ ஒரு கோணல். முதல் வீட்டில் சமையலறையை ஒட்டிய கழிப்பறை, இரண்டு படி ஏறிப் போகிற மாதிரி மேடைமேல் இருக்கிறது. இரண்டாவது வீட்டில் மாடி அறையின் கதவைத் திறந்தால் பால்கனியும் இல்லை, படியும் இல்லை, வெறும் அந்தரம். சிரித்துவிட்டு வந்துவிட்டோம். மூன்றாவது வீடு பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஆனால் ஒரு படுக்கையறைக்குள் நுழைந்துதான் இன்னொரு படுக்கையறைக்குப் போக வேண்டும். அந்த உள்ளறைக்கு ஜன்னல் இல்லை. மாடிப்படியும் கொஞ்சம் செங்குத்து. "எல்லாவற்றையும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் தரகர். கணவருக்கு மூன்றாவது வீடுதான் பிடித்திருக்கிறது. எதை வாங்கலாம்?
— ஒரு வாசகி

பதில்: சிரித்துவிட்டு வந்த வீட்டுக்குத் திரும்பப் போங்கள். பிடித்துப்போன மூன்றாவது வீட்டை விட்டுவிடுங்கள். முதல் வீட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கோணல் கண்ணில் எவ்வளவு உறுத்துகிறது என்பதை வைத்து நீங்கள் மூன்று வீட்டையும் எடை போட்டிருக்கிறீர்கள். அது தவறான அளவுகோல். அது எந்த உறுப்பில் இருக்கிறது, எதனால் வந்தது என்று கேட்க வேண்டும். கதவு, பூச்சு, டைல்ஸ், சுவிட்ச் போர்டு இவற்றில் இருக்கும் கோணலைச் சில நாள் வேலையில் சரிசெய்யலாம். தளத்தின் உயரம், கழிவுக் குழாயின் சரிவு, மாடிப்படிக்கு விட்ட இடம், வெளிச்சம் வரும் சுவர் இவற்றில் இருந்தால், "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடித்துக் கட்டுவது என்றுதான் பொருள்.

இரண்டாவது வீட்டை முதலில் பார்ப்போம். அந்தரத்தில் திறக்கும் கதவுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். பால்கனி திட்டத்தில் இருந்து, கட்டாமல் விட்டிருப்பார்கள். அல்லது கட்டிய பால்கனி கெட்டுப்போய் இடித்திருப்பார்கள். எது நடந்தது என்பதை வெளிச்சுவர் சொல்லிவிடும். கீழே நின்று கதவின் அடிமட்டத்தைப் பாருங்கள். வரிசையாக அறுத்த கம்பி முனைகளோ, துருக் கறையோ, நீளவாக்கில் வேறு நிறத்தில் ஒட்டுப்பூச்சோ தெரிந்தால், அங்கே தளம் இருந்திருக்கிறது. நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்திருந்தால் அதே ஈரம் அறைக்குள்ளும் வந்திருக்கும். கதவின் உட்பக்கம் ஒரு மீட்டர் தூரத்துக்குத் தரையைத் தட்டிப் பாருங்கள். டைல்ஸ் பொள்ளலாகச் சத்தம் போட்டாலோ, நிலையின் அடிக்கட்டை ஊறிப் பருத்திருந்தாலோ பொறியாளரைக் கூப்பிட வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் அது வெறும் முடிக்காத வேலை.

கதைகட்டிப் பேசப்படும் கோணல் வீடுகளுக்கும் இப்படிச் சாதாரணக் காரணங்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உள்ள வின்செஸ்டர் மாளிகையில் கூரையில் போய் முட்டும் படியும், வெளியே அந்தரத்தில் திறக்கும் கதவும் இருக்கின்றன. ஆவிகளுக்காகக் கட்டியது என்பார்கள். 1906 நிலநடுக்கத்தில் அதன் மேல்மாடங்கள் இடிந்தன, சில பகுதிகளைத் திரும்பக் கட்டவில்லை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

உங்கள் கதவுக்கு வருவோம். "பால்கனி போட்டுக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். தூண் இல்லாமல் நீட்டி நிற்கும் தளத்தை, முடிந்துபோன சுவரில் கொண்டுபோய் ஒட்ட முடியாது. அதன் மேல்கம்பிகள் அறைத் தளத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். வெளியே நீட்டும் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கட்டுமான விதி. அது கான்கிரீட் போடும்போதே நடக்க வேண்டிய வேலை. இப்போது பால்கனி வேண்டுமென்றால் பெரும்பாலும் தரையிலிருந்து தூண் எழுப்பித்தான் போட வேண்டியிருக்கும். நான் சொல்வது வேறு: அந்தக் கதவை ஜன்னலாக்கிவிடுங்கள். மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டல் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் சுவரை உடைக்க வேண்டியதே இல்லை. கீழே 90 செ.மீ. உயரத்துக்குச் சுவர் எழுப்பி, வெளிப்பக்கம் சரிவு கொடுத்துப் பூசினால் வேலை முடிந்தது. கதவாகவே இருக்கட்டும் என்றால், 1.1 மீட்டர் உயரத்துக்குக் கம்பித் தடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, குழந்தையின் தலை நுழைந்துவிடும். குடியேறும் நாளுக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். அதுவரை அந்தக் கதவுக்குப் பூட்டு போட்டுச் சாவியை வேறிடத்தில் வையுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

முதல் வீட்டு மேடையைப் பற்றி. அது யாருடைய விசித்திர ரசனையும் இல்லை. கழிப்பறையைக் கழிவுக் குழாய் செங்குத்தாக இறங்கும் இடத்திலிருந்து தள்ளிப் பிற்பாடு போட்டிருக்கிறார்கள். தளத்தை வெட்ட முடியாததால் குழாயைத் தளத்துக்கு மேலேயே படுக்கவைத்து, அதை மூட மேடை கட்டியிருக்கிறார்கள். கழிவு தானாக ஓட, குழாய் மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. இறங்க வேண்டும். மேடையின் உயரத்தை அளந்து இதை நீங்களே கணக்குப் போடலாம். மேடை 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் பருமன் 11 செ.மீ., மேலே கான்கிரீட்டும் டைல்ஸும் ஒரு 4 செ.மீ. மிச்சம் 10 செ.மீ.தான் சரிவுக்கு. செங்குத்துக் குழாய் 4 மீட்டரில் இருந்தால் மீட்டருக்கு 2.5 செ.மீ. கிடைக்கிறது, சரி. 10 மீட்டர் தள்ளி இருந்தால் 1 செ.மீ.தான். தண்ணீர் மெதுவாக ஓடும், கழிவு தங்கிவிடும், அடிக்கடி அடைக்கும். எந்த மருந்து ஊற்றினாலும் அது தீராது, ஏனென்றால் கோளாறு சரிவில் இருக்கிறது. குழாய் திரும்பும் இடத்தில் திறந்து சுத்தம் செய்ய மூடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அடைப்புக்கும் மேடையை உடைக்க வேண்டியிருக்கும்.

அங்கேயே நின்று ஒரு சோதனை செய்யுங்கள். காகிதம் கொஞ்சம் போட்டு ஃப்ளஷ் செய்து, அந்த நேரம் வாஷ்பேசின் ஓட்டையருகே காது வைத்துக் கேளுங்கள். 'குளுக் குளுக்' என்று காற்று இழுக்கும் சத்தம் வந்தால், குழாய்க்குக் காற்றுப்போக்கி சரியாக இல்லை. ஓடும் நீர், பேசினுக்கு அடியில் வளைவில் நிற்க வேண்டிய 5 செ.மீ. நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அந்த நீர்தான் சாக்கடை வாடைக்குத் தடுப்பு. அது போனால் வாடை நேரே பக்கத்திலிருக்கும் சமையலறைக்கு வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது ஒரு மெல்லிய காகிதத்தை அதன் முகத்தில் வையுங்கள், ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் வெளியே போய்க் காற்று உண்மையிலேயே வெளியே வருகிறதா என்று பாருங்கள். பொய்க்கூரைக்குள் ஊதிவிட்டு நிற்கும் ஃபேன்கள் நிறைய.

கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறந்து, உடனே படி இறங்குகிறதா? அதை மாற்றியே ஆக வேண்டும். கதவைத் திறந்தவுடன் நிற்க, கதவின் அகலத்துக்காவது சமதளம் வேண்டும். இரவில் அரைத்தூக்கத்தில் வருகிறவர் காலடியில் படியை எதிர்பார்க்க மாட்டார். இந்தச் சோதனைகளில் வீடு தேறினால் மேடையைக் காரணம் காட்டி அதை ஒதுக்க வேண்டாம்.

இனி உங்கள் கணவருக்குப் பிடித்த வீடு. ஜன்னல் இல்லாத உள்ளறையைப் பெரும்பாலும் யாரும் அப்படித் திட்டமிட்டுக் கட்டியிருக்க மாட்டார்கள். முன்பு அதற்கு ஜன்னல் இருந்திருக்கும். வெளிச்சுவரை ஒட்டி இன்னொரு அறை கட்டியதும் அந்த ஜன்னல் மூடப்பட்டிருக்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மூடிய ஜன்னலின் நான்கு ஓரமும் பூச்சில் மேடு பள்ளமாகத் தெரிந்துவிடும். பழைய கட்டடமும் புதிய கட்டடமும் வேறு வேறு அஸ்திவாரத்தில் நின்றால் ஒன்று இறங்கும், மற்றது இறங்காது. சந்திப்பில் மேலிருந்து கீழாக விரிசல் விடும். முடி அளவு விரிசல் பூச்சோடு போய்விடக்கூடியது. 5 மி.மீ.க்கு மேல் போனால் பொறியாளர் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விரிசலின் ஓரம் வெளுப்பாகவும் கூராகவும் இருந்தால் புதியது. அழுக்கும் பழைய சுண்ணாம்பும் புகுந்திருந்தால் பழையது, அசைவு நின்றிருக்கலாம். பொறியாளரிடம் அனுமதி வரைபடத்தையும் காட்டுங்கள். அதில் இல்லாத அறை வீட்டில் இருந்தால் சட்டச் சிக்கலும் சேர்ந்தே வரும்.

விரிசலே இல்லையென்றாலும் அந்த உள்ளறை படுக்கையறை ஆகாது. 12 சதுர மீட்டர் அறைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2 சதுர மீட்டராவது ஜன்னல் வேண்டும். அதைவிட முக்கியம் உயிர். முன்னறையில் தீப்பிடித்தால் உள்ளே தூங்குகிறவருக்கு வேறு வழியே கிடையாது. படுக்கையறை ஜன்னலில் ஆள் வெளியேறும் அளவுக்குத் திறப்பு இருக்க வேண்டும், அதன் அடிக்கட்டை தரையிலிருந்து அதிக உயரத்தில் இருக்கக் கூடாது என்று பல நாட்டு விதிகள் சொல்வது இதனால்தான். சாமான் அறையாக வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு படுக்கையறை குறைந்த வீடு அது, விலையையும் அப்படியே பேச வேண்டும். முன்னறையும் பாதி நடைவழிதான். இரண்டு கதவுக்கும் நடுவே 90 செ.மீ. வழி விட்டுவிட்டு மீதியில் கட்டில் போட இடமிருக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள்.

"கொஞ்சம் செங்குத்து" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாடிப்படிதான் மூன்று வீட்டிலும் மோசமான கோணல். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 64 செ.மீ. வர வேண்டும் என்பது பழைய கணக்கு. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபிரான்சுவா புளோன்டெல் வகுத்த வாய்ப்பாட்டின் வழிவந்தது. ஆனால் அது மட்டும் போதாது. உயரம் 22, அகலம் 20 என்றாலும் கூட்டினால் 64 வந்துவிடும், இறங்கும்போது குதிகால் மட்டும்தான் படியில் நிற்கும். உயரம் 18க்கு மிகாமல், அகலம் 25க்குக் குறையாமல் இருக்கிறதா என்று தனியாகவும் பாருங்கள். ஒவ்வொரு படியையும் அளங்கள், முக்கியமாக முதல் படியையும் கடைசிப் படியையும். தரைக்கு மேல் புது டைல்ஸ் ஒட்டும்போது அடிப்படி 3 செ.மீ. குள்ளமாகிவிடும், மேல்படி உயர்ந்துவிடும். இரண்டு படி ஏறியதுமே கால் ஒரு உயரத்தைப் பழகிக்கொள்கிறது. 1 செ.மீ. மாறினாலே தடுக்கும்.

இதைத் திருத்த முடியுமா? தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால், 17.6 செ.மீ. வீதம் 17 ஏற்றம் வேண்டும். கால் வைக்கும் மிதி 16, ஒவ்வொன்றும் 27 செ.மீ., மொத்தம் 4.32 மீட்டர் நீளம். செங்குத்துப் படிக்கு வழக்கமாக 3 மீட்டர்தான் விட்டிருப்பார்கள். மீதி நீளத்துக்கு மாடித் தளத்தை வெட்ட வேண்டும், இல்லையென்றால் ஏறுகிறவர் தலை இடிக்கும். படிக்கு மேல் எங்கும் 2 மீட்டராவது வெற்றிடம் தேவை. தளத்தை வெட்டினால் பீம் மாற்ற வேண்டும், மேலே ஒரு அறை சுருங்கும். தரகரிடம் இந்தக் கணக்கைக் காட்டி, "எங்கே மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது வீட்டுக்குத் திரும்பப் போகும்போது பகலில் போங்கள். எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். டேப், ரசமட்டம், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். அறை அறையாக உள்ளளவும் சுவர்ப் பருமனும் குறித்து, கூட்டி, வெளியளவோடு ஒப்பிடுங்கள். அரை மீட்டர் கணக்கில் வரவில்லையென்றால் உள்ளே எங்கோ மூடிய குழாய்ச் சந்தோ குழியோ இருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.