செவ்வாயிலிருந்து 4கே நேரலையா? சந்தாவை நிறுத்துங்கள்

கேள்வி: யூடியூப்பில் 'செவ்வாய் 4கே நேரலை' என்று ஒரு சேனலைப் பையன் ராத்திரி பகலாகப் பார்க்கிறான். இன்னும் தெளிவாகத் தருகிறோம் என்றார்கள், முதல் மாதச் சந்தா கட்டிவிட்டேன். தொடரலாமா?

பதில்: வேண்டாம். அங்கிருந்து 4கே நேரலை நாசாவுக்கே வருவதில்லை, இவர்களுக்கு எங்கிருந்து வரும்?

கேமராவில் குறையில்லை, அனுப்புகிற வேகம்தான் சிக்கல். செவ்வாயில் ஓடும் நாசாவின் ஆய்வு வண்டியான பெர்சவரன்ஸ் ரோவர் நேராகப் பூமிக்குப் பேசினால், இங்கே 70 மீட்டர் ஆன்டெனா வைத்துக் கேட்டாலும் நொடிக்குச் சில ஆயிரம் பிட்தான். அதனால் செவ்வாயைச் சுற்றும் விண்கலத்துக்கு நொடிக்கு 2 மெகாபிட் (20 லட்சம் பிட்) வரையிலான வேகத்தில் ஏற்றிவிடுகிறது, அது இங்கே அனுப்புகிறது. 4கே வீடியோவுக்கு நொடிக்கு 25 மெகாபிட் என்று வைத்தால், ஒரு நிமிடக் காட்சியை மேலே ஏற்றவே பன்னிரண்டரை நிமிடம். விண்கலமோ ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போலத்தான் கண்ணில் படும். 2021 பிப்ரவரி 18-இல் ரோவர் இறங்கிய காட்சியே 22-ஆம் தேதிதான் வெளியானது.

அப்படியானால் அந்தச் சேனலில் ஓடுவது? ரோவர் எடுத்த நிலைப்படங்களை ஒட்டி, மெதுவாக நகர்த்தி, ஊளையிடும் காற்றுச் சத்தத்தைச் சேர்த்து, மூலையில் சிவப்பாக 'லைவ்' என்று போட்டது. அந்தப் படங்கள் நாசா தளத்தில் இலவசம். செவ்வாய்க்கு உங்கள் பெயரை அனுப்புகிறோம் என்று காசு கேட்பவர்களும் இதே ரகம்தான், பெர்சவரன்ஸில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் போயின, நாசா யாரிடமும் பைசா வாங்கவில்லை.

'விண்வெளியிலிருந்து பூனை வீடியோ வந்ததே' என்று சேனல்காரர்கள் மடக்குவார்கள். வந்தது உண்மை. 2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் 3.1 கோடி கிலோமீட்டரிலிருந்து லேசர் மூலம் நொடிக்கு 267 மெகாபிட் வேகத்தில் அனுப்பியது. ஆனால் அந்தப் பூனை ஏவுவதற்கு முன்பே கலத்தில் ஏற்றிவைத்த 15 வினாடிப் படம், செவ்வாயோ மிக நெருங்கும்போதே சுமார் 5.5 கோடி கிலோமீட்டர், விலகினால் 40 கோடி. 2024 ஏப்ரலில் 22.6 கோடி கிலோமீட்டரிலிருந்து அதே லேசர் 25 மெகாபிட் கொடுத்தது, 4கே-வுக்கு அது போதும்தான், மறுக்கவில்லை. ஆனால் மேகம் வந்தால் லேசர் போச்சு, பிடிக்க அமெரிக்காவின் பாலோமர் ஆய்வகத்தில் உள்ளதுபோல 5 மீட்டர் தொலைநோக்கி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சைக்கி போவது ஒரு சிறுகோளுக்கு. ரோவரில் அந்தக் கருவியே கிடையாது.

இருந்திருக்கலாம், அதுதான் எரிச்சல். செவ்வாய்க்கென்றே ஒரு தகவல்தொடர்பு விண்கலம், லேசர் சோதனையோடு, 2009-இல் கிளம்ப வேண்டியது. 2005-லேயே ரத்து. அப்புறமும் ரோவர் மேல் ரோவராக அனுப்பினார்கள், 2006-இல் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த கலம் இன்னும் அவற்றின் தகவலைச் சுமக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேனலில் ரத்து பொத்தானைத் தேடிக்கொண்டிருக்காமல், வங்கி ஆப்பில் ஆட்டோபேயை இன்றே நிறுத்துங்கள்.