கொழுந்தனாருக்காக வேகும் 28 பின்னல்கள்

கேள்வி: காட்பாடியில் வீட்டிலேயே ஆரஞ்சுப் பாகு வைத்த பின்னல் பிரெட் செய்து விற்கிறேன். வாரம் 20 போகிறது. கணவருக்கு ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் மாதம் 14,000 சம்பளம். ஒன்பது மாதத்துக்கு முன் என் பெயரில் 60,000 ரூபாய் குழு லோன் எடுத்துக் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். நான்கு மாதம் டியூ கொடுத்தார், அப்புறம் நின்றுவிட்டது. இப்போது 80,000 எடுத்துத் தரச் சொல்கிறார். மாமியாரும் "நம்ம பிள்ளைதானே" என்கிறார். அதிலேயே எனக்குப் பெரிய ஓவனும் வாங்கலாமா? மாதம் 1,000 ரூபாய்க்கு ஆப்பில் டிஜிட்டல் தங்கம் சேர்க்கவும் ஆசை.

பதில்: நீங்கள் தனி நோட்டில் எழுதி அனுப்பிய பிரெட் கணக்கையே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மைதா, வெண்ணெய், முட்டை, ஆரஞ்சு, சர்க்கரை, அட்டைப்பெட்டி, கரண்ட் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 105 ரூபாய் ஆகிறது. விலை 220, மிச்சம் 115. மாதம் 80 பிரெட் என்றால் சுமார் 9,200 ரூபாய்.

அந்த 60,000 குழு லோனுக்கு 24 சதவீத வட்டி, இரண்டு வருடத் தவணை என்றால் மாத டியூ சுமார் 3,170. அதை 115-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28. மாதம் நீங்கள் மாவு பிசைந்து, மூன்று புரியாகப் பின்னி, பாகு வழியாமல் ஓரம் ஒட்டிச் சுடும் 80-ல் 28 பிரெட் கொழுந்தனார் கடனுக்கே போகிறது. அவர் நிறுத்திய பிறகு ஐந்து மாதத்தில் நீங்கள் சுமார் 15,850 ரூபாய் கட்டிவிட்டீர்கள். இன்னும் அசல் மட்டும் 41,000 பாக்கி.

80,000-க்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஓவனைக் காட்டி மனதைச் சமாதானப்படுத்திக் கொள்ளவும் வேண்டாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆர்டர் குவியும். கத்திரி வெயிலில் வேலூர் வீட்டுச் சமையலறையில் மாவு கண் மூடித் திறப்பதற்குள் பொங்கிப் புளித்துவிடும், வெண்ணெய் உருகிப் பின்னல் பிரிந்துவிடும், விற்பனையும் இறங்கும். டியூ மட்டும் மே மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் ஒரே மாதிரி வரும். வாரம் 20 பிரெட்டுக்கு இப்போதைய ஓவனில் இரண்டிரண்டாக வைத்தாலும் பத்து தடவைதான். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் முடிந்துவிடும்.

குழுக் கடனில் இன்னொரு பயம் இருக்கிறது. நீங்கள் தவறினால் குழுவிலுள்ள மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கடன் வரலாற்றில் கறை விழுவதும் உங்கள் பெயரில்தான், கொழுந்தனார் பெயரில் இல்லை. நாளைக்கு உண்மையிலேயே பெரிய ஓவன் தேவைப்படும்போது சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா சிசு கடனில் 50,000 வரை கேட்கலாம். அந்த வாய்ப்பை இப்போதே கெடுத்துக் கொள்ளாதீர்கள்.

டிஜிட்டல் தங்கம் வேண்டவே வேண்டாம். வாங்கும்போதே 3 சதவீத ஜிஎஸ்டி போகும், விற்கும் விலையும் வாங்கும் விலையை விடக் குறைவு. அது தன் கண்காணிப்பில் வராது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. 24 சதவீத வட்டிக் கடனை வைத்துக்கொண்டு யாராவது தங்கம் சேர்ப்பார்களா? அந்த 1,000-ஐ டியூவோடு சேர்த்துக் கட்டுங்கள். 15 மாதம் ஓட வேண்டிய கடன் 11 மாதத்தில் முடியும். குழுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி.

சரி, வீட்டில் எப்படிச் சொல்வது? நீங்கள் சொன்னால் மருமகள் பிரித்துப் பேசுகிறாள் என்றாகிவிடும். கணவர் தன் தம்பியிடம் சொல்லட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே மாமியார் முன்னால் உட்கார்ந்து, 41,000 பாக்கி என்று தாளில் எழுதிக் காட்டி, மாதம் 1,500-ஆவது எந்தத் தேதியில் தருவார் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கட்டும்.